பிள்ளைத்தாய்ச்சி வேலை தேடினால்: 27ஆம் வாரத்துக்கு முன்னும் பின்னும்

போன வெள்ளிக்கிழமை காலை என் தம்பி மனைவி வீட்டுக்கு வந்தாள். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் அரசாங்க லீவு என்பதால் அன்று கிளினிக் கிடையாது. ஆனாலும் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ரோஸ் கலர் கர்ப்பப் புத்தகம் இருந்தது. 28 வாரம். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, பிள்ள பொறக்குற வரைக்கும் ஏதாவது வேலை பாக்கலாம்னு இருக்கேன். கூலிம்ல பேக்டரியா, டவுன்ல கடையா, இல்ல வீட்டுலயே ஏதாவது செய்யவா? நீங்களே சொல்லுங்க."

நான் பாடாங் செராயில் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் இருக்கிறேன். யாருக்கு எத்தனை நாள் லீவு, யாருக்குக் காசு, யாருக்கு இல்லை என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இன்னொரு தகுதியும் உண்டு. நானும் ஒரு காலத்தில் ஏழு மாத வயிற்றோடு இதே டவுனில் வேலை தேடி அலைந்தவள். அதனால் அவள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. மளிகைக்கடையில் கொடுத்த காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் வைத்தேன். நிறைமாதத்தை நெருங்குகிறவளுக்கு எந்த வேலை என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, பிரசவத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது.

நம் நாட்டு வேலைச் சட்டம் 1955ஆம் ஆண்டுச் சட்டம். 2022இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் நடப்புக்கு வந்தது 2023 ஜனவரி 1. அதுவரை 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை அன்றிலிருந்து 98 நாள் ஆனது. இது எல்லாருக்கும் தெரியும். விடுமுறை வேறு, அந்த விடுமுறைக்கான காசு வேறு என்பதுதான் பலருக்குத் தெரியாது. விடுமுறை, வேலையில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் உண்டு. காசு வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். அதோடு பிரசவத்துக்கு முந்தைய நான்கு மாதத்துக்குள் ஒரு நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் காசு கிடையாது, அது நம்மில் அதிகம் பேருக்குப் பொருந்தாது.

இப்போது காலண்டரில் எண்ணுங்கள். 40 வாரம் என்றால் 280 நாள். அதில் 90 போனால் 190. அதாவது 27 வாரமும் ஒரு நாளும். புது முதலாளியிடம் 27ஆம் வாரத்துக்குள் சேர்ந்தால், பிள்ளை தேதிப்படி பிறந்தால், 98 நாள் சம்பளம் கையில். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பார்த்தாலே ஐயாயிரத்துக்கு மேல் வரும். 28ஆம் வாரத்தில் சேர்ந்தால் விடுமுறை உண்டு, காசு இல்லை. ஒரு வாரத்தில் அத்தனை வித்தியாசம். இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) ஊசி போடுகிறவர்களாக இருந்தால் 37, 38 வாரத்திலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள். அவர்கள் எண்ணும்போது இன்னும் இரண்டு மூன்று வாரத்தைக் கழித்துக்கொள்வது நல்லது.

"அப்ப எனக்கு ஒரு வாரம் லேட்டா?" என்றாள். முகம் சுண்டிப்போனது.

புது இடமென்றால் லேட்தான். ஆனால் எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் முதலாளி பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த 98 நாள் காசை பெர்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கொடுப்பதில்லை, அரசாங்கமும் கொடுப்பதில்லை. முதலாளியே தன் பையிலிருந்து கொடுக்கிறார். நான்கு பேரை வைத்துத் துணிக்கடை நடத்துகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறுவதற்குக் காரணம் கல்மனசு மட்டுமல்ல. சட்டம் பாரத்தை வைத்த இடம் அப்படி. இது தெரிந்தால் பேச்சு சுலபமாகும். 27 வாரம் தாண்டியவள் நேராகவே சொல்லலாம்: "பாஸ், இப்ப சேந்தா எனக்குப் பிரசவக் காசு கொடுக்கணும்னு சட்டத்துல இல்ல. செய்யிற வேலைக்குச் சம்பளம் கொடுத்தாப் போதும்." இதை விட்டுக்கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். இல்லாத உரிமையை இல்லை என்று சொல்கிறோம். ஆனால் கேட்கிறவருக்குப் பாதி பயம் இறங்கிவிடும்.

சரி, அந்த வழி. பழைய முதலாளி.

"வேலைய எப்ப விட்ட?"

"24 வாரத்துல. கால் வீங்கிப் போச்சுன்னு சொன்னேனே."

லூனாஸில் ஒரு மினி மார்க்கெட்டில் இரண்டு வருடம் கல்லாவில் நின்றவள். 'நின்றவள்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கல்லாவுக்கு நாற்காலி கிடையாது. ஐந்தாம் மாதத்தில் கணுக்கால் பலூன் மாதிரி ஆனது. ஒரு நாள் பாஸுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு நின்றுவிட்டாள். அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னேன். "பாஸ், சயா மெஙான்டோங், காக்கி பெங்காக், தாக் போலே பெர்டிரி லாமா." அதாவது, நான் கர்ப்பமாக இருக்கிறேன், கால் வீங்கியிருக்கிறது, ரொம்ப நேரம் நிற்க முடியாது என்று மலாயில். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, இரண்டு நீலக் குறியும் இருக்கிறது. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது.

ஏனென்றால், ஒன்பது மாதத்தில் 90 நாள் என்ற கணக்கில் பழைய நாளெல்லாம் சேரும். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மொத்தத்தில் 90 இருந்தால் போதும். 24 வாரத்தில் நின்றாள் என்றால் பிரசவத்துக்கு 16 வாரம், அதாவது 112 நாள். நான்கு மாதத்துக்கு உள்ளேதான் வருகிறது. ஆக இரண்டு நிபந்தனையும் அவளுக்கு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. வேலையை விட்டபிறகும் பழைய முதலாளியிடம் பிரசவக் காசு கேட்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டம் கேட்பது ஒன்றுதான்: நான்கு மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தவள், வேலையை விடும் முன்னால் கர்ப்பத்தை முதலாளிக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் போனால் காசு போயிற்று. அவளோ காரணம் சொல்வதற்காக எழுதிய ஒரு வரியில், தெரியாமலே அறிவித்துவிட்டாள்.

ஐந்தாம், ஆறாம் மாதத்தில் வேலையை விடப்போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு வரியானாலும் எழுத்தில் கொடுங்கள். அதில் கர்ப்பம் என்ற சொல் இருக்கட்டும், பிரசவத் தேதி இருக்கட்டும்.

பழைய இடம் என்றால் இரண்டு விதம். திரும்பப் போய் வேலை செய்வது ஒன்று. போகாமல் காசை மட்டும் கேட்பது இன்னொன்று. திரும்பப் போனால் கூடுதலாக ஒன்று கிடைக்கும். வேலையில் இருக்கும் கர்ப்பிணியை, வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறினாள், ஒழுங்கு தவறினாள், அல்லது தொழிலையே மூடுகிறோம் என்ற மூன்று காரணங்கள் தவிர வேறு எதற்காகவும் நிறுத்துவது 2023லிருந்து குற்றம். காரணத்தை நிரூபிக்க வேண்டியது முதலாளி. பிள்ளை பிறந்த பிறகு திரும்பிப் போக ஒரு இடமும் இருக்கும். காசை மட்டும் கேட்டால் அந்த வாசல் அநேகமாக மூடிவிடும், மனக்கசப்பும் மிஞ்சும். என் யோசனை: முதலில் ஒரு நாற்காலி கேட்டுப் பார். கொடுத்தால் திரும்பப் போ. கொடுக்காவிட்டால் காசைக் கேள். அதற்கும் இழுத்தடித்தால் லேபர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே போக வக்கீல் தேவையில்லை. சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் படம், கர்ப்பப் புத்தகம் போதும்.

வேலை நேரத்தை மாற்றித்தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொன்னால் போதும். 60 நாளில் எங்கள் வீட்டில் தொட்டில் கட்டிவிடுவோம். எட்டாம் மாதத்தில் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அவள் முதலில் சொன்ன பேக்டரிக்கு வருவோம். பாடாங் செராயில் விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் ரோட்டோரம் நின்று பார்த்தால் ஊர் எதை நம்பி வாழ்கிறது என்பது தெரியும். கூலிம் பக்கம் போகும் பஸ், பிறைக்குப் போகும் பஸ், சுங்கைப்பட்டாணிக்குப் போகும் வேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில் சில்லு பரிசோதிக்கிறார்கள். சம்பளம் என்று பார்த்தால் எங்கள் பக்கம் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடிப்படை 1,700, அதன் மேல் ஓடி (ஓவர்டைம்).

ஆனால் அந்த ஓடி எங்கிருந்து வருகிறது? ஏழிலிருந்து ஏழு வரை 12 மணி நேர சிப்டிலிருந்து. பஸ் நேரத்தையும் சேர்த்தால் வீட்டை விட்டு 14 மணி நேரம். ஒரு வாரம் பகல் என்றால் இன்னொரு வாரம் இரவு. முன்பு தொழிற்சாலையில் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கம்பெனிகள் விலக்கு வாங்கிக்கொண்டு வாங்கத்தான் செய்தன. 2023இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆணுக்குப் பெண் சமம் என்ற வகையில் சரிதான். எட்டு மாத வயிறு அதை ஒப்புக்கொள்ளாது.

இன்னொரு சிக்கல் ஏஜென்ட். ஆபரேட்டர் வேலைக்குப் பலரை ஏஜென்ட் மூலமாகத்தான் எடுக்கிறார்கள். மூன்று மாதக் கான்ட்ராக்ட், ஆறு மாதக் கான்ட்ராக்ட். அதில் முதலாளி யார் என்று கடிதத்தைப் பார்த்தால் பேக்டரியின் பெயர் இருக்காது, ஏஜென்ட் கம்பெனியின் பெயர் இருக்கும். கான்ட்ராக்ட் தேதி முடிந்து போகச் சொன்னால் அது வேலை நீக்கம் ஆகாது. வேலை இழந்தவர்களுக்கான பெர்கேசோ உதவித்தொகையும் கான்ட்ராக்ட் முடிந்தவருக்கு இல்லை, தானாக விட்டவருக்கும் இல்லை.

என் கதை இங்கேதான் வருகிறது. அப்போது எனக்கும் ஏழாம் மாதம். வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், விபத்தில் கை உடைந்து வீட்டில் இருந்தார். டவுனில் ஒரு ஏஜென்ட் பெண், "சுவெட்டர் போட்டுக்கோ, ஏர்கோன் ரூம்தான், யாருக்கும் தெரியாது" என்றாள். நம்பினேன். சொந்தக் காசில் மெடிக்கல் எடுக்கச் சொன்னார்கள். பெயர், உயரம், கண் சோதனை எல்லாம் முடிந்தது. கடைசியில் நெஞ்சு எக்ஸ்ரே. ஒரு சின்ன அறை, குளிர்ந்த தட்டு, "தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து நில்" என்கிறாள் எக்ஸ்ரே எடுக்கும் பெண். நான் சுவெட்டரின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்றால் அப்படி ஒரு நிமிடம் நின்றிருப்பேன். அப்புறம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் தாளை எடுத்து ஏதோ எழுதி, கதவைத் திறந்து விட்டாள். வெளியே ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மெடிக்கல் காசு திரும்ப வரவில்லை.

அதனால்தான் மறைத்துச் சேரலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது, கேட்கிறவர் மேல் அல்ல. ஏழாம் மாதத்தில் மறைக்க முடியாது. முடிந்தாலும், மறைப்பதற்காக எக்ஸ்ரேக்கு நிற்க வேண்டிவரும், மூட்டை தூக்க வேண்டிவரும். வேலையில் சேர்ந்துவிட்டால் சட்டம் பக்கத்தில் நிற்கிறது. சேரும் முன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உலு லங்காட்டில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்த ஒருவருக்கு, 2009இல், கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அது அரசியலமைப்பின் 8(2) பிரிவுக்கு விரோதம் என்றது. பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற சொல் அந்தப் பிரிவில் 2001இல்தான் சேர்ந்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் அங்கே முதலாளி அரசாங்கம். தனியார் விஷயத்தில் 2005இலேயே, கர்ப்பத்தால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. 2023இல் வந்த பாகுபாட்டுப் பிரிவும் முதலாளிக்கும் அவரிடம் ஏற்கெனவே இருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறைத்தான் பேசுகிறது. வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கிறவளைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே பேக்டரி, 20 வாரத்துக்கு முன் என்றால் யோசிக்கலாம். அதுவும் நேரடி நியமனம், பகல் சிப்ட், மிசி (நர்ஸ்) இருக்கும் இடம் என்றால் நன்றாகவே யோசிக்கலாம். 28இல் வேண்டாம்.

டவுன் கடை. சாப்பாட்டுக் கடை வேண்டாம்: வழுக்கும் தரை, அடுப்புச் சூடு, பசியாறல் நேரத்துக்கு நாலரை மணிக்கே வரச் சொல்வார்கள். துணிக்கடையில் தீபாவளி நெருங்கினால் ஆள் தேவைப்படும், ஆனால் சேலையை எடுத்து எடுத்துப் போட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் தனியார் கிளினிக் கவுண்டர், போட்டோஸ்டாட் கடை, காப்புறுதி ஆபீஸ், எங்கள் ஆபீஸ் மாதிரி இடங்கள். இங்கே ஒரு நல்ல விஷயம், யாராவது பிரசவத்துக்கோ ஹஜ்ஜுக்கோ லீவில் போனால் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் ஆள் தேடுவார்கள். நம் தேவையும் அவ்வளவுதான். சம்பளமும் சட்டப்படி 1,700க்குக் குறையக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1லிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைக்கும் அது பொருந்தும். "சின்னக் கடைம்மா, ஆயிரத்து இருநூறு தரேன்" என்பவரிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லலாம். அரை நாள் வேலை என்றால் மணிக்கணக்கில் குறையும், அது நியாயம்.

கெடாவில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கேசிஹாத்தான் எனும் அரசாங்க கிளினிக் திறந்திருக்கும். ஞாயிறு லீவு விடும் கடையாகப் பிடித்தால் செக்கப்புக்குத் தனியாக லீவு கேட்க வேண்டாம். 28 வாரத்துக்குப் பிறகு செக்கப் முறை நெருங்கிக்கொண்டே வரும். எவ்வளவு ஆபத்து என்று காட்ட ஒட்டும் ஸ்டிக்கர், புத்தகத்தின் மேல் வெள்ளையோ பச்சையோ என்றால் சரி, மஞ்சள் ஒட்டியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்வர வேண்டும். செக்கப்புக்குக் கிடைப்பது வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப், எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) அல்ல. சம்பளத்தோடு எம்சி புதிதாகச் சேர்ந்தவருக்கு வருடத்துக்கு 14 நாள். அதைக் கால் வீக்கத்துக்கும் முதுகுவலிக்கும் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பாட்டி காலத்தில் நிறைமாதம் வரைக்கும் பெரட்டுக்கு (காலையில் பேர் பதியும் இடத்துக்கு) போனார்கள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கு யாரையும் வேலைக்கு அனுப்பாதீர்கள். இப்போது செம்பனை. வெளிக்காட்டு வேலையில் உதிரிப்பழம் பொறுக்குவது முழுக்கக் குனிந்து செய்வது. மருந்து அடிப்பது பேச்சுக்கே இடமில்லை, பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020லிருந்து தடை செய்திருந்தாலும் மற்ற மருந்துகள் பால் அல்ல. ஆபீஸில் கிராணிக்கு (தோட்டக் குமாஸ்தாவுக்கு) உதவி ஆள் எடுத்தால் போகலாம். அது பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும்.

வீட்டிலிருந்தே என்பது எல்லாருக்கும் இனிப்பாகக் கேட்கும். கேட்கும்போது நானும் தலையாட்டுவேன். ஆனால் வீட்டுத் தொழிலில் முதல் மூன்று மாதம் லாபம் பார்த்தவரை நான் கண்டதில்லை. முறுக்கு, அதிரசம், இட்லி மாவு என்று ஆரம்பித்தால் அடுப்பு முன்னால் நிற்பது கடையில் நிற்பதற்குக் குறைந்ததல்ல. தொழிலை எஸ்எஸ்எம்மில் (கம்பெனிப் பதிவு ஆணையத்தில்) சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. அது பெரிய செலவில்லை. உணவு கையாள்கிறவர்களுக்குக் கோர்ஸும் டைபாய்டு ஊசியும் உண்டு. ஊசியை மிசியிடம் கேட்காமல் இப்போது போட்டுக்கொள்ள வேண்டாம். அமானா இக்தியார் எனும் சிறுகடன் அமைப்பின் 'பெண்' திட்டம், தெகுன் எனும் அரசாங்க நிறுவனம் மூலம் வரும் ஸ்பூமி கடன் திட்டம் என்று இந்தியப் பெண்கள் கடன் எடுக்க வழி இருக்கிறது. கடன் எடுத்தால் தவணை அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும், பச்சை உடம்புக்காரி என்று அது பார்க்காது. அதனால் கடனைப் பிரசவத்துக்குப் பிறகு யோசிப்போம்.

பிள்ளை பார்த்துக்கொள்வது இன்னொன்று. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். நான்கு வயதுக்குக் கீழ் நான்கு பிள்ளை ஆனால் தாஸ்காவாக (குழந்தைக் காப்பகமாக) பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆகவே மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஓடும் பிள்ளையை எட்டாம் மாதத்தில் தூக்க முடியாது. சொந்தப் பிள்ளை பிறந்து நான்கு மாதம் ஆனபின் செய்தால் இதைவிட நல்ல வேலை கிடையாது. இப்போதைக்கு ஒத்துவருவது டியூஷன்தான். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மாலை மூன்று மணி நேரம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். காசு கொஞ்சம்தான். ஆனால் உடம்பு கெடாது, பிரசவத்துக்குப் பின் அதே பிள்ளைகள் திரும்ப வருவார்கள்.

கடைசியாக, இப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பது. எங்கள் அம்மா இதைத்தான் சொல்வார். "வாயும் வயிறுமா இருக்கிறவ ஏண்டி அலையணும்?" அம்மா சொல்வதில் பாதி பாசம், பாதி மாமியார் கௌரவம். ஆனாலும் தம்பியின் சம்பளத்தில் வாடகையும் மோட்டார் தவணையும் அடங்குகிறது என்றால் இது கெட்ட முடிவில்லை. சும்மா இருக்கும் நாளில் பெர்கேசோவின் வேலை தேடும் தளமான மைபியூச்சர்ஜாப்ஸில் பெயர் பதிந்து, பிரசவத்துக்கு நான்கு மாதம் கழித்துச் சேர்வதாகப் போட்டு வைக்கலாம். வருடத்துக்கு 120 வெள்ளி கட்டும் இல்லத்தரசிகள் திட்டத்திலும் சேரலாம். அது வீட்டில் நடக்கும் விபத்துக்கும் உடல் முடங்கிப்போவதற்கும்தான். பிரசவத்துக்குக் காசு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தேத்தண்ணி இரண்டாம் தடவை ஆறியிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணி, நானா விட்டுட்டு வந்த எடத்துல போய்க் காசு கேக்குறது அசிங்கமா இருக்காதா?"

இரண்டு வருடம் நின்ற காலுக்கு உள்ள காசு அது என்றேன். மலாயில் கடிதத்தை நான் அடித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. வேலையில் சேர்ந்த தேதி, நின்ற தேதி, வாட்ஸ்அப் அனுப்பிய தேதி, பிரசவத் தேதி. கீழே ஒரு வரி: கல்லாவில் உட்கார நாற்காலி கொடுத்தால் அடுத்த வாரமே திரும்ப வரத் தயார். அந்த வரியைப் போடலாமா என்று அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். போடு என்றாள்.

ஞாயிறு காலை கிளினிக். அங்கிருந்து நேராக லூனாஸ் போயிருக்கிறாள். பாஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம், கணக்குப் பார்ப்பவரைக் கேட்டுச் சொல்கிறேன், புதன்கிழமை வா என்றாராம். நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் புதிதாக நின்ற பெண்ணிடம், ஸ்டோரில் அந்த உயர ஸ்டூல் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டாராம்.

திரும்பி வரும்போது அவள் பையில் இரண்டு கிலோ அரிசி மாவும் இருந்தது. முறுக்குக்காம். புதன்கிழமை என்ன ஆகுமோ தெரியாதே என்றாள்.